வேலைவழிக் கற்ற தமிழ்: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு வரலாறு

அயல்நாடு ஒன்றில் சில மாதங்கள் தங்கி, அங்குள்ள பள்ளியிலோ மருந்தகத்திலோ விளைநிலத்திலோ ஊதியம் பெறாமல் உழைத்து, அந்த உழைப்பின் ஊடாகவே அவ்வூர் மொழியைக் கற்று, அதற்குத் தம் கல்லூரியில் மதிப்பெண்ணும் பெறும் முறையைக் கல்வியாளர்கள் இன்று 'சேவைவழிக் கற்றல்' என்கின்றனர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகிய இருவர் வழக்குக்குக் கொண்டுவந்த அத்தொடர், தொண்டு செய்பவரும் அதைப் பெறுபவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிறந்தது. இம்முறையில் மிகுதியாகக் கற்கப்படும் மொழி ஸ்பானியம். அமெரிக்க மாணவருக்கு மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அண்டை வீடுகள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, காலையில் ஆசிரியர் ஒருவரிடம் தனிப்பாடம் கேட்டு, மாலையில் சிற்றூர்ப் பள்ளியில் வேலை செய்வது அரை நூற்றாண்டாக நிலைபெற்ற வழக்கம். குவாத்தமாலாவின் பழைய தலைநகரான ஆன்டிகுவாவில் 1969இல் தொடங்கிய 'பிரான்சிஸ்கோ மரோகின் மொழித் திட்டம்' இவ்வகைப் பள்ளிகளில் மூத்தவற்றுள் ஒன்று.

குவாத்தமாலா என்ற பெயர் ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூர் (போடி) ஏலக்காய் வியாபாரிகளுக்கு வேறொரு காரணத்தால் மிக நன்றாகத் தெரியும். முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி, ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் அந்நாட்டின் ஆல்ட்டா வெராபாஸ் மலைப்பகுதியில் நட்ட ஏலச்செடி அங்கே வேர்பிடித்து, 1980களில் உலக ஏற்றுமதியில் இந்தியாவை முந்திச் சென்றது. தான் விளைவிப்பதை ஏறத்தாழத் தொடவே செய்யாத அந்நாடு, விளைச்சலின் பெரும்பகுதியை வளைகுடா உள்ளிட்ட அயல்நாடுகளுக்கு அனுப்புவதால், போடியில் காய் விலை ஏறுவதும் இறங்குவதும் அங்கே பெய்யும் மழையையும் பொறுத்ததாகிவிட்டது. விலைக்கு அப்பாலும் இரு மலைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஆல்ட்டா வெராபாஸில் காய் பறிப்போர் பெரும்பாலும் கெக்சி என்னும் மாயா மொழியைப் பேசுவோர். ஸ்பானியம் அவர்களுக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் எதிர்ப்படும் மொழியே தவிர அடுப்படி மொழி அன்று. ஆகவே ஸ்பானியம் கற்க அம்மலைக்குச் சென்று சேவை செய்யும் மாணவர், தம்மைப் போலவே அம்மொழியைக் கற்றுக்கொண்டவர்களிடம்தான் அதைக் கேட்டுப் பழக நேர்கிறது.

போடிமெட்டின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 'மெட்டு' என்பது மலைத்தொடரைக் கடக்கும் கணவாயின் உச்சியைக் குறிக்கும் இப்பகுதிச் சொல். போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என்று கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பு முழுவதும் அச்சொல் பரவிக் கிடக்கிறது. மெட்டின் கீழே தமிழ். மேலே, 1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்ததால், அரசாங்க மொழி மலையாளம். காட்டோரக் குடிகளில் முதுவர் பேச்சு. முதுவரின் வாய்மொழி மரபு, தங்கள் முன்னோர் மதுரையை விட்டுத் தெய்வத் திருமேனியை முதுகில் சுமந்து போடி வழியாக மலையேறியதாகச் சொல்கிறது. அந்த மரபை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாவிட்டாலும், இச்சரிவில் மொழி என்பது எப்போதும் சுமையோடும் வேலையோடும் ஏறி இறங்கியது என்பதை நினைவில் கொள்ள அது உதவும்.

வெளிநாட்டார் தமிழகத்தில் தங்கி, தொண்டு என்று தாம் கருதிய ஒன்றைச் செய்தபடியே தமிழ் கற்ற வரலாறு, மேற்சொன்ன பெயர் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. அவ்வரலாற்றைப் பொதுவாகச் சமயப் பரப்பு வரலாறாகவோ அச்சு வரலாறாகவோ எழுதுவதே வழக்கம். அதை மொழி கற்ற வரலாறாகப் படித்தால் இரண்டு செய்திகள் மேலெழும். தமிழ்ப் புலவர்கள் எழுத்தில் ஏற்றத் தகாதது என்று விலக்கிய அன்றாடப் பேச்சுக்கு முதல் இலக்கணங்கள் இவ்வாறு வந்து கற்றவர்களின் தேவையால் எழுதப்பட்டன என்பது ஒன்று. சேவை செய்ய வந்தவருக்கே பெரும் சேவை செய்யப்பட்டது, அதைச் செய்தவர்களில் மிகப் பலருக்கு ஏடுகளில் பெயர்கூட இல்லை என்பது மற்றொன்று.

தொடக்கமே ஒரு ஸ்பானியரிடம் என்பது தற்செயல்தான் என்றாலும் சுவையானது. இன்றைய ஸ்பெயினின் வடபகுதியான நவார்ராவில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1542இல் கோவாவுக்கு வந்து, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடியை ஒட்டிய பரதவர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். தமிழும் போர்ச்சுக்கீசியமும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று ஒப்பித்தார். பொருள் முழுதும் விளங்காமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்ட அந்தத் தமிழில் ஒரு பிழை நெடுநாள் ஓடியது. விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நுழைந்திருந்தது. நம்பிக்கையை அறிவிக்க வேண்டிய மீனவர், தமக்கு அது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். 1544இல் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கோ மன்சில்லாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் இதைச் சுட்டி, அச்சொல்லை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடும்படி பணிக்கிறார். மறைப்பணி வரலாற்றுக்கு இது சிறு திருத்தம். மொழி வரலாற்றுக்கோ, 'வேண்டும்' என்று ஏடு எழுதிய காலத்தில் கடற்கரை வாய் 'வேணும்' என்றே சொன்னது என்பதற்கான சாட்சி, ஐரோப்பிய எழுத்தில் பதிவாகிக் கிடக்கிறது.

சவேரியார் ஓரிரு ஆண்டுகளில் வேறு கரைகளுக்குப் போய்விட்டார்; தங்கிக் கற்றவர் அவருக்குப் பின் வந்த போர்ச்சுக்கீசியரான அன்றிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கஸ். புன்னைக்காயலை மையமாகக் கொண்டு அரை நூற்றாண்டு அக்கரையில் வாழ்ந்த அவர், 1549ஆம் ஆண்டை ஒட்டிப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படியாக லிஸ்பனில் கிடந்த அந்நூல், ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. நன்னூல் கற்ற ஒருவர் அதைத் திறந்தால் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் கிடைக்காது. வினை எப்படி முடிகிறது, யாரிடம் எப்படிப் பேசுவது, கரையில் இருப்பவர் காதில் ஒரு சொல் எப்படி விழுகிறது என்பவையே கிடைக்கும். தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்ததும் அவர் உழைப்பாலேயே. அச்சாளராக அவரைக் கொண்டாடும் தமிழுலகம், மாணவராக அவர் எழுதிவைத்த குறிப்பேட்டை அதே அளவு பொருட்படுத்தவில்லை.

மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நொபிலி வேறு வகை. அவர் வழி உயர்ந்தோர் வழக்கையும் வடமொழியையும் நோக்கியது; இக்கட்டுரையின் பொருளுக்கு அது ஓரத்தில் நிற்பதே. சரியாக நூறாண்டு கழித்து, 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஜெர்மானியர் பர்த்தலோமேயு சீகன்பால்குவோ கீழிருந்து தொடங்கினார். வயதான உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளியை நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதிப் பழகினார். திண்ணைப் பள்ளியின் முறைப்படி, ஒரு பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லியபடியே மணலில் கோடிழுக்க, மற்றவை கூட்டாகத் திருப்பிச் சொல்லும். தவறினால் கை மணலைத் தடவி அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கும். இருபத்துநான்கு வயது ஐரோப்பியர் ஒருவர் அந்த வரிசையில் உட்கார்ந்ததைக் கல்வி வரலாற்றில் ஓர் அரிய காட்சி என்றே சொல்ல வேண்டும். அவருடைய தமிழ் இலக்கணம் பத்தாண்டுக்குள், 1716இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று.

இப்போக்கின் உச்சம் வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி. தமிழ் மரபில் 'கொடுந்தமிழ்' என்பது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் திசைவழக்கைக் குறித்தது. பெஸ்கி அச்சொல்லை எடுத்து, எங்கும் மக்கள் பேசும் அன்றாடத் தமிழுக்குப் பெயராக்கி, 1728இல் இலத்தீன் மொழியில் அதற்கென்றே தனி இலக்கணம் எழுதினார்; செந்தமிழுக்கு வேறொன்று எழுதினார். ஒரே மொழிக்கு இரண்டு இலக்கணம் வேண்டும் என்ற இந்த முடிவு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு அக்காலத்தில் தோன்றியிருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அவருக்குப் பேச்சைக் கற்பிக்க யாரும் தேவைப்படவில்லை. ஊர் ஊராக நடந்து குடியானவரோடு பேச வேண்டிய புது ஆளுக்கே அது தேவைப்பட்டது. கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் பெஸ்கியின் இயேசு சபையார் அல்லர், அவரோடு ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்த தரங்கம்பாடி லுத்தரன் சபையார். கொள்கையில் பகையாக இருந்தாலும் பாடப்புத்தகம் இருவருக்கும் வேண்டியிருந்தது.

ஏலமலையின் அடிவாரத்துக்கு இவ்வழக்கம் வந்தது அமெரிக்க மதுரை மிஷன் வழியாக. யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க இலங்கை மிஷனின் கிளையாக 1834இல் மதுரையில் தொடங்கிய அச்சபையின் முதல் பணியாளர்களோடு, 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்ற யாழ்ப்பாணத் தமிழரும் உடன் வந்தனர். திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று விரிந்த பணித்தளங்கள் 1840களின் இறுதியில் பெரியகுளத்தை எட்டின. போடியும் கம்பம் பள்ளத்தாக்கும் அத்தளத்தின் எல்லைக்குள் அடங்கின. புதிதாக வந்தவர் முதல் ஆண்டுகளில் 'முன்ஷி' ஒருவரிடம் தமிழ் கற்க வேண்டும். முன்ஷி என்பது எழுத்தர் என்ற பொருளுடைய பாரசீகச் சொல். கிழக்கிந்தியக் கம்பெனியார் வழக்கில் மொழி வாத்தியாரைக் குறிக்கலாயிற்று. முன்ஷியிடம் கற்ற தமிழைச் சோதிக்கும் களம் 'சுற்றுப்பயணம்'. கூடாரத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, உள்ளூர் உபதேசியார் சிலரோடு ஊர் ஊராக நாள்கணக்கில் முகாமிட்டுப் பேசுவது இச்சபையின் தனி வழக்கமாக இருந்தது. முன்ஷி சொல்லித் தந்த 'வருகிறார்கள்' சந்தைவெளியில் 'வாராக' என்றும், 'அங்கே இங்கே' என்பது 'அங்கிட்டு இங்கிட்டு' என்றும் காதில் விழுந்தபோது, மதுரைச் சீமையின் பேச்சுக்கும் ஏட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு புதியவருக்கு ஒரே நாளில் விளங்கியிருக்கும்.

பெரியகுளத்துக்கு வந்தவர்களில் டேவிட் காயிட் ஸ்கட்டரின் கதை குறுகியது. பாஸ்டனில் 1835இல் பிறந்து, வில்லியம்ஸ் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்து, 1861இல் இந்தியாவுக்கு வந்தவர், 1862 நவம்பரில், இருபத்தேழாம் வயதில், பெரியகுளத்துக்கு அருகே வெள்ளம் வந்த ஆற்றில் மூழ்கி இறந்தார். வடகிழக்குப் பருவமழையில் இப்பகுதி ஆறுகள், காலையில் கணுக்காலளவு ஓடி மாலையில் மலைவெள்ளத்தோடு பொங்குவதைச் சுற்றுவட்டத்தார் சிறுவயது முதலே அறிவர். அவருடைய தம்பி ஹோரஸ் ஸ்கட்டர் 1864இல் கடிதங்களைத் தொகுத்து அண்ணனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பின்னாளில் 'அட்லான்டிக் மந்த்லி' இதழின் ஆசிரியராகப் புகழ்பெற்ற எழுத்தாளர் அவர். ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்த அயல்நாட்டு வாழ்வு, கற்றல் காலம் தீர்வதற்கு முன்பே தீர்ந்த வாழ்வு, ஒரு முழு நூலாகிக் கிடைக்கிறது. அதே காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் வெள்ளையருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷிகளில் ஒருவருக்கும் அத்தகைய நூல் வாய்க்கவில்லை.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கம் மலைமேல் இருக்கிறது. ஆள்வதற்காக மொழி கற்பது கம்பெனிக்குப் புதிதன்று, எஃப். டபிள்யு. எல்லிசு 1812இல் சென்னையில் நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அதற்கென்றே எழுந்தது, அது தமிழியலுக்குச் செய்த நன்மையும் பெரிது. தோட்டங்களில் நடந்தது வேறு. ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்ஞார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்த பின், மூணாற்றுக்குத் தேவையான ஆளும் அரிசியும் பெரும்பகுதி போடிப் பக்கமிருந்தே ஏறின. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் இறக்கிய காலத்தில், 1924 வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அடித்துச் செல்லும் வரை, குரங்கணிப் பாதையே அம்மலையின் வாசலாக இருந்தது. கங்காணி, அதாவது ஆள்பிடித்துக் கொண்டுவந்து அவர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், தொழிலாளிக்கும் துரைக்கும் நடுவில் நின்றார். 'வரிசை வீடு' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் 'லயம்' ஆகித் தமிழில் நிலைத்தது அத்தகைய குடியிருப்புகளில்தான்.

துரைக்கும் தமிழ் தேவைப்பட்டது. அது எந்தத் தமிழ் என்பதை இலங்கைத் தோட்டத்துக் கையேடுகள் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்த ஏ. எம். பெர்கூசனின், சின்னதுரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டிக்குத் தலைப்பே 'இங்கே வா'. 1915இல் டபிள்யு. ஜி. பி. வெல்ஸ் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளருக்குப் புரியும் தமிழ் என்று அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. இவையும் வேலைவழிக் கற்றலே, இவையும் பேச்சுத் தமிழின் பதிவுகளே. ஆயினும் ஏவலோடு தொடங்கும் பாடத்தில் 'வாங்க' என்ற மரியாதைப் பன்மைக்கு அவசரமில்லை. மதுரைச் சீமையிலிருந்து கப்பலேறிய தொழிலாளி தன் வீட்டில் 'இங்கிட்டு வா' என்று அழைக்கப்பட்டிருப்பான்; தோட்டத்தில் அவன் கேட்டது துரையின் நாவில் உலர்ந்த 'இங்கே வா'. கற்கும் முறை ஒன்றாக இருந்தும், எதற்காகக் கற்கிறோம் என்பது இலக்கணத்தின் முதல் பாடம் வரை ஊடுருவுகிறது.

மறுமுனையில் நிற்பவர் ஜான் ஸ்கட்டர் சாண்ட்லர். மிஷனரிப் பெற்றோருக்கு 1849இல் மதுரையில் பிறந்த அவருக்குத் தமிழ் கற்றுக்கொண்ட மொழி அன்று, வளர்ந்த மொழி. மதுரை மிஷனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதிய அவரே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியரானார். 1922இல் அவர் விலகிய பின், எஸ். வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் அப்பணி முடிவுக்கு வந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. இலக்கியச் சொல்லே அதன் உயிர் என்றாலும், 'பேச்சு வழக்கு', 'வட்டார வழக்கு' என்பவற்றைக் குறிக்கும் சுருக்கக் குறிகள் அதன் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டும். சுற்றுப்பயணக் கூடாரங்களில் காதில் வாங்கப்பட்டவற்றின் எச்சம் அந்தச் சிறு குறிகளில் இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

20ஆம் நூற்றாண்டில் சேவை என்ற சொல்லின் பொருளே மாறியது. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, அதாவது கைத்தொழிலின் வழியே எல்லாப் பாடத்தையும் கற்பிக்கும் திட்டம், உழைப்பையும் படிப்பையும் ஒன்றாகக் கட்டியது. அதன் தமிழ்நாட்டு வடிவமாகத் திண்டுக்கல் அருகே 1947இல் தி. சு. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். மதுரை மிஷனுக்கு 1925இல் வந்த அமெரிக்கர் ரிச்சர்ட் கெய்த்தான் இவ்விரு உலகங்களுக்கும் நடுவில் நடந்தவர். கதரும் தேசியமும் அவரை ஈர்க்க, 1930இல் ஆங்கில அரசு அவரை நாட்டைவிட்டு அனுப்பியது. திரும்பி வந்தவரை 1944இல் மீண்டும் அனுப்பியது. விடுதலைக்குப் பின் காந்திகிராமத்தையும் பூதான இயக்கத்தையும் சார்ந்து வாழ்ந்து 1984இல் மறைந்தார். கற்பிக்க வந்து கற்றுக்கொண்டு தங்கிவிட்டவர் என்ற வகையில், சேவைவழிக் கற்றலின் நூல்கள் பேசும் 'இருவழிக் கற்றல்' என்ற இலட்சியத்துக்கு அவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் கிடைப்பது கடினம்.

கல்லூரி மாணவர் என்ற புது வகை வருகையாளர் 1950களில் தோன்றினர். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி, சீனத்தின் சான்சி மாநிலத்தில் நடத்திவந்த கல்விப்பணியை அங்கு ஏற்பட்ட அரசியல் மாற்றத்தால் கைவிட நேர்ந்தபோது, தன் இளம் பட்டதாரிகளை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு அனுப்பத் தொடங்கியது. பசுமலையில் 1881இல் கல்லூரித் தகுதி பெற்ற நிறுவனம் அது. இரண்டாண்டு ஆங்கிலம் கற்பித்தபடியே தமிழ் கேட்டுப் பழகிய அவர்களுள் ஒருவர் ஜோசப் எல்டர். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சமூகவியலாளரான அவர், அப்பல்கலைக்கழகம் 1960களில் தொடங்கிய 'இந்தியாவில் கல்லூரி ஆண்டு' திட்டத்தைப் பல ஆண்டு வழிநடத்தினார். மதுரை அதன் மையங்களுள் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு மாணவரும் குயவரிடமோ இசைக்கலைஞரிடமோ கோயிற்பணியாளரிடமோ சென்று ஒரு களப்பணியை முடித்துத் தர வேண்டியிருந்தது. அமெரிக்க இந்தியவியல் கழகமும் தன் தமிழ்ப் பயிற்சியை மதுரையிலேயே நிலைநிறுத்தியது.

இவர்களுக்கு எந்தத் தமிழைக் கற்பிப்பது என்ற கேள்வி பெஸ்கி விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எழுந்தது. ஒரே சமூகம் எழுத்துக்கு ஒரு வடிவையும் பேச்சுக்கு வேறொரு வடிவையும் கையாளும் நிலைக்கு மொழியியலார் சார்லஸ் பெர்கூசன் 1959இல் இலக்கணம் வகுத்தார். தமிழில் அதை 'இரட்டை வழக்கு' என்பர். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த கு. பரமசிவம், ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் சேர்ந்து 1980இல் கொண்டுவந்த பாடநூல், பேச்சையும் எழுத்தையும் வெட்கமின்றி அருகருகே வைத்தது. ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே 1979இல் ஓர் இலக்கணமும் 1999இல் அதன் விரிந்த வடிவமும் எழுதினார். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது 'வந்துக்கிட்டிருக்கேன்' ஆகும் விதியைத் தமிழ்ப் பள்ளிப்பிள்ளை ஒருபோதும் படிக்க வேண்டியதில்லை, அயலார் மட்டுமே படிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த விதி எழுதப்பட்டது.

இம்முறைக்கு எதிரான மிகக் கடுமையான குரல் ஸ்பானியம் கற்பித்த ஒருவரிடமிருந்தே வந்தது. வியன்னாவில் பிறந்த பாதிரியார் இவான் இல்லிச், மெக்சிகோவின் குவெர்னவாகாவில் 1961 முதல் ஒரு மையம் நடத்தி, இலத்தீன் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட மிஷனரிகளுக்கும் தொண்டர்களுக்கும் தீவிர ஸ்பானியப் பயிற்சி அளித்தார். ஆனால் 1968 ஏப்ரலில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் கூட்டத்தில் நல்லெண்ணத்தையே அவர் சாடினார்: பார்க்கவும் படிக்கவும் மலையேறவும் வரலாம், உதவ மட்டும் வர வேண்டாம் என்பதே அவ்வுரையின் சாரம். பேசத் தெரியாத ஊரில் யாருக்கு யார் உதவுகிறார் என்ற அவருடைய கேள்வியைச் சீகன்பால்குவின் மணலுக்கும் பெரியகுளத்து முன்ஷிக்கும் பொருத்திப் பார்த்தால், விடை அவர் பக்கமே சாய்கிறது. ஊர்தான் உணவளித்தது, பிழை திருத்தியது, பொறுமை காத்தது. ஆயினும் இல்லிச்சின் தீர்ப்பு முழுமையானது அன்று. ஆன்டிகுவாவின் அந்த மொழித் திட்டம், வெளிநாட்டாருக்கு ஸ்பானியம் கற்பித்து ஈட்டிய பணத்தில் 1970களில் மாயா மொழியாளர்களையே மொழியியலாளராகப் பயிற்றுவித்தது. தத்தம் மொழிக்குத் தாமே இலக்கணமும் அகராதியும் தொகுக்கும் தலைமுறை ஒன்று அதிலிருந்து எழுந்தது. கற்றவர் எழுதிய இலக்கணத்தைத் தாண்டி, கற்பித்தவர் எழுதிய இலக்கணம் அங்கே பிறந்தது என்பது சிறிய வேறுபாடு அன்று.

தமிழகத்தில் 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தபின் ஊர்ப்பணி கல்லூரி வழக்கமாயிற்று. கேட்டி வில்காக்ஸ் 1948இல் மதுரையில் நிறுவிய லேடி டோக் கல்லூரி, சேவைவழிக் கற்றலைப் பாடத்தோடு இணைத்ததோடு, டோக்கியோவின் சர்வதேசக் கிறித்தவப் பல்கலைக்கழகம் போன்ற ஆசிய நிறுவனங்களின் மாணவரையும் வரவேற்றுவருகிறது. ஜப்பானிய மாணவி ஒருத்தி மதுரைக் காப்பகத்தில் குழந்தைகளிடம் தமிழ் கேட்டுப் பழகும்போது, இடையில் நிற்கும் மொழி இருவருக்கும் அயலான ஆங்கிலம்.

ஏலமலைச் சரிவில் இத்தகைய பெயர் எதுவும் இல்லாமல் நடக்கும் கற்றல் ஒன்று உண்டு. விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டுகளில் ஏறுகின்றன. ஏலத்தட்டையின் அடியில் மண்ணோடு படர்ந்த சரத்தில், முற்றிய காயை மட்டும் விரலால் அறிந்து, பிஞ்சு சிதையாமல் கிள்ள வேண்டும். புதிதாக வந்தவளுக்கு மூத்தவள் அதைச் சொல்லித் தருவதைவிட அருகில் குனிந்து செய்து காட்டுகிறாள். தோட்டக்காரர் மலையாளத்தில் கேட்பதற்கு இவர்கள் தமிழில் விடை சொல்ல, சில ஆண்டுகளில் அவர் பேச்சில் 'அங்கிட்டு' நுழைகிறது, இவர்கள் பேச்சில் 'பணி' வேலையைக் குறிக்கிறது. போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. ஜீப்புக்குள் பேச்சு மாறுவதில்லை. மாலையில் அதே வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, கூடையில் எடை போட்ட பச்சைக்காயின் கணக்கு இரண்டு மொழி எண்களிலும் மாறி மாறிச் சொல்லப்படுகிறது.